பதின்மூன்று வயதுக்கு மேல் ஓர் அலமாரி

அச்சும் தலைநகரும் – 17

ஐ.டி.ஓ. சந்திப்பிலிருந்து தில்லி கேட் நோக்கிப் போகும் பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் நாளிதழ் அலுவலகங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அந்த வரிசையில் நான்காம் எண் கட்டடத்துக்கு நேரு இல்லம் என்று பெயர். வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா வரும் பிள்ளைகளைப் பொம்மை காட்ட அங்கேதான் அழைத்துப் போவார்கள். 1965 நவம்பரில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம் அது. தஞ்சாவூர்ப் பொம்மை முதல் ஜப்பானியப் பொம்மை வரை கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். அதே கட்டடத்தில் ஒரு பதிப்பகம் இருக்கிறது, குழந்தைகளுக்கான நூலகம் ஒன்றும் இருக்கிறது என்பது பொம்மை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

சென்ற இதழில் தரியாகஞ்சின் பாடநூல் வியாபாரிகளைப் பார்த்தோம். இந்த இதழில் பாடநூலுக்கு வெளியே போகலாம். தலைநகரில் குழந்தைகளுக்குப் புத்தகம் போட்டவர்கள், அந்தக் குழந்தைகள் வளர்ந்து குரல் உடைந்து, பாவாடை தாவணி அல்லது ஜீன்ஸ் போட்டு நின்றபோது அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? இதுதான் என் கேள்வி. பதில் அவ்வளவு நேராக இல்லை.

நம் மரபு வயதை நுணுக்கமாக எண்ணிய மரபு. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் தொடங்கிப் பத்துப் பருவங்கள். உலாவில் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று வரிசை வைத்து ஏழு. ஆனால் அவை அந்த வயதினரைப் பற்றிப் பாடப்பட்டவை; அந்த வயதினர் எடுத்துப் படிப்பதற்கென்று எழுதப்பட்டவை அல்ல. பையனுக்கு வழங்கும் ‘விடலை’ என்ற சொல்லையோ நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். இன்று சுகாதாரத் துறையினர் வளரிளம் பருவம் என்கிறார்கள். பத்திரிகைகள் பதின்பருவம் என்கின்றன. பதிப்பாளர்கள் அட்டையில் ‘இளையோர் நாவல்’ என்று போடுகிறார்கள். மூன்று பெயர்களும் இன்னும் முழுதாகப் பழகவில்லை. பெயர் பழகாத வயதுக்குப் புத்தகம் போடுவது கடினம் என்பதைத் தில்லியின் வரலாறு காட்டுகிறது.

சங்கர் என்ற கே. சங்கரப் பிள்ளை 1902இல் காயங்குளத்தில் பிறந்தவர். 1932இல் ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் கேலிச்சித்திரக்காரராகத் தில்லிக்கு வந்தார். 1948இல் சங்கர்ஸ் வீக்லி என்ற சொந்த வார இதழைத் தொடங்கினார். தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேருவே அவரிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே அந்த இதழின் சார்பில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார். அது ஓர் ஆண்டுக்குள் நாடுகள் கடந்த போட்டியாயிற்று. குழந்தைகளின் ஓவியங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்த மனிதருக்கு, இவர்கள் படிக்கக் கையில் என்ன இருக்கிறது என்ற கவலை வந்தது இயல்புதான். கடைகளில் கிடைத்தவற்றில் நல்ல அச்சும் படமும் உடையவை பெரும்பாலும் வெளிநாட்டுப் புத்தகங்கள். 1957இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் பிறந்தது. தனக்கென ஓர் அச்சகத்தையும், இந்திரப்பிரஸ்தா என்ற பெயரில், அது வைத்துக்கொண்டது. குழந்தைகள் புத்தகத்தில் பாதி வேலை அச்சுதான் என்பது சங்கருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1957 ஆகஸ்டில் அரசு தன் பங்குக்கு நேஷனல் புக் டிரஸ்டை நிறுவியது. ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு புக் டிரஸ்டுகள். ஒன்றை ஒரு கேலிச்சித்திரக்காரர் நடத்தினார், மற்றதைக் கல்வி அமைச்சகம் நடத்தியது. வாசகர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்றுவரை நடக்கிறது.

அரசின் டிரஸ்ட், காந்தி நூற்றாண்டான 1969இல், ‘நேரு பால புஸ்தகாலயா’ என்ற வரிசையைத் தொடங்கியது. எஃப். சி. ஃபிரைட்டஸ் எழுதிய ‘பாபு’ அதன் தொடக்கக்கால நூல்களில் ஒன்று. அந்த வரிசையின் திட்டம் அழகானது: ஒரே புத்தகம் எல்லா இந்திய மொழிகளிலும் வர வேண்டும். வண்ணப் படங்களை மொத்தமாக அச்சிட்டுக்கொண்டு, கறுப்பு மையில் வரும் எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் செலவு குறையும். தனியாக அச்சிட்டால் கட்டுப்படியாகாத சின்ன மொழிக்கும் இப்படி வண்ணப் புத்தகம் கிடைக்கும். திருநெல்வேலிப் பையனும் குவாஹாட்டிப் பையனும் ஒரே யானையின் படத்தைப் பார்த்தபடி வளர்ந்தார்கள். தமிழில் வந்த அந்தப் புத்தகங்கள் நம் ஊர்ப் பள்ளி நூலகங்களிலும் கிளை நூலகங்களிலும் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. மெலிந்த புத்தகம், கம்பித் தையல், மலிவு விலை.

ஆனால் இந்த முறை படப்புத்தகத்துக்குத்தான் பொருந்தும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் படம் போதாது, எழுத்து வேண்டும். நூற்றைம்பது பக்கக் கதை வேண்டும். அந்தக் கதையைப் பதினைந்து மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் தனியே கோத்து அச்சிட வேண்டும். படத்தால் மிச்சமான பணம் எழுத்தில் மிச்சமாகாது. அரசு நிறுவனம் என்பதால் வேறொரு கட்டும் இருந்தது. நாட்டு ஒற்றுமை, நல்லொழுக்கம், அறிவியல், வரலாறு என்று குழந்தைக்குச் சொல்லத் தயக்கமில்லாத விஷயங்கள் இருந்தன. பதினைந்து வயதுக்காரர் கேட்கும் கேள்விகள் வேறு. காதல், கோபம், அப்பாவின் குடி, சாதி, உடம்பு. இவற்றைத் தொடும் கதைக்கு ஒரு குழு கூடி ஒப்புதல் தருவது எளிதல்ல. விதிவிலக்குகள் உண்டு. முண்டா இனப் பழங்குடிச் சிறுவனின் கதையை மகாசுவேதா தேவி நேஷனல் புக் டிரஸ்டுக்காகவே எழுதினார். நிலம் போன கதையைச் சிறுவனின் கண் வழியாக, மிட்டாய் தடவாமல் சொன்ன புத்தகம் அது. அப்படிப்பட்டவை இன்னும் பத்து வந்திருந்தால் இந்த அத்தியாயத்தை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

சங்கரின் வீட்டில் நடந்தது சற்று வித்தியாசமானது. நெருக்கடி நிலையின் போது, 1975 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு, சங்கர்ஸ் வீக்லி நின்றது. சிரிப்பதற்கு இடமில்லாத ஊரில் நகைச்சுவை இதழ் நடத்த அவர் விரும்பவில்லை. அதன் பிறகு அவர் முழுதாகக் குழந்தைகளின் மனிதரானார். 1978இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் எழுத்தாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. அதில் பரிசு வென்று 1979இல் புத்தகமாக வந்தது ‘காசிரங்கா டிரெயில்’. எழுதியவர் அசாமைச் சேர்ந்த அருப் குமார் தத்தா. படம் வரைந்தவர் ஜகதீஷ் ஜோஷி.

இந்தப் புத்தகத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தனாய், புபுல், ஜோந்தி என்று மூன்று பையன்கள். மகோனி என்று ஒரு யானை. காசிரங்கா காட்டில் கொம்புக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்லும் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். இவ்வளவுதான் கதை. இங்கிலாந்திலிருந்து வந்த துப்பறியும் சிறுவர் கதைகளில் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள், கூடையில் ரொட்டியும் இஞ்சி பானமும் இருக்கும். இங்கே பையன்கள் யானை மேல் போகிறார்கள். அந்த யானையும் காடும் காசும் குற்றமும் அவர்களுடைய மண்ணில் உள்ளவை. காண்டாமிருகக் கொம்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள், நடுவில் இருப்பவர் யார், உள்ளூர்க்காரரில் யார் காட்டிக்கொடுக்கிறார் என்ற சங்கிலியைக் கதை மறைக்கவில்லை. படிக்கிற பிள்ளையை அறியாப் பிள்ளையாக நினைக்காத எழுத்து அது. பல மொழிகளுக்குப் போயிற்று. 2018இல் தத்தாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த யானைதான் என்று நம்புகிறேன்.

போட்டி வைத்ததுதான் சங்கர் செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம். அமைப்பின் குழு உட்கார்ந்து தலைப்பைத் தீர்மானித்து, தெரிந்த எழுத்தாளரிடம் எழுதி வாங்குவது ஒரு முறை. கதவைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்புங்கள் என்பது இன்னொரு முறை. தில்லிக்குத் தெரியாத இடங்களின் கதைகள் இரண்டாவது வழியில்தான் உள்ளே வந்தன. 1981இல், குழந்தைகளுக்கு எழுதுபவர்களும் வரைபவர்களும் சேர்ந்த ஒரு சங்கமும் நேரு இல்லத்தில் உருவாயிற்று. அதை நீண்ட காலம் நடத்தியவர் எழுத்தாளர் மனோரமா ஜஃபா. வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலும் சிறு நூலகங்கள் வைக்கும் அந்தச் சங்கத்தின் திட்டத்துக்கு 1991இல் சர்வதேச விருது கிடைத்தது.

புத்தகக்காரர்கள் தடுமாறிய இடத்தில் பத்திரிகைக்காரர்கள் ஓரளவு தேறினார்கள். தில்லியின் இந்தி வீடுகளில் நந்தனும் பராகும் இருந்தன. ஹிந்துஸ்தான் டைம்ஸ் குழுமம் நேருவின் நினைவாக 1964இல் தொடங்கியது நந்தன். பராக் இதழுக்கு, இந்தியின் முன்னணிக் கவிஞர்களில் ஒருவரான சர்வேஷ்வர் தயாள் சக்சேனா 1983இல் இறக்கும்வரை ஆசிரியராக இருந்தார். பெரிய கவிஞர் ஒருவர் சிறுவர் இதழை நடத்துவதை இந்திக்காரர்கள் தாழ்வாக நினைக்கவில்லை. டெல்லி பிரஸ் நிறுவனம் சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பக்கும், அதற்கு மேல் வயதுடையவர்களுக்குச் சுமன் சௌரப்பும் நடத்தியது. வயதைப் பிரித்து, பதின்பருவத்துக்குத் தனி இதழ் என்று இந்தியில் நினைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆங்கிலத்தில் 1980களின் பிள்ளைகளுக்கு டார்கெட். இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த ரோசலிண்ட் வில்சன் அதன் ஆசிரியர். அஜித் நைனன் வரைந்த துப்பறியும் மூச்வாலா என்ற மீசைக்காரரைத் தேடி மாதாமாதம் காத்திருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். அந்த இதழில் பணியாற்றியவர் சென்னையில் பிறந்த கீதா தர்மராஜன். பின்னர் 1988இல் தில்லியில் கதா அமைப்பைத் தொடங்கி, கோவிந்தபுரிக் குடிசைப்பகுதியில் பள்ளியும் நடத்தினார். இந்திய மொழிகளின் சிறுகதைகளை மொழிபெயர்த்துக் கதா கொண்டுவந்த தொகுப்புகள் பெரியவர்களுக்கானவை என்றாலும், பள்ளி மேல்வகுப்புகளில் அவை பாதை திறந்தன. புத்தகம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது வரை பதிப்பாளரின் வேலை என்று கதா நினைத்தது. தலைநகரில் அப்படி நினைத்தவர்கள் மிகக் குறைவு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும். பதிமூன்று, பதினான்கு வயதுத் தில்லிப் பையன் சொந்தக் காசில் படித்தது இவை எதையும் அல்ல. காமிக்ஸ். தரியாகஞ்சிலிருந்து டயமண்ட் காமிக்ஸ், பிரானின் சாச்சா சௌத்ரியோடு வந்தது. புராரியிலிருந்து ராஜ் காமிக்ஸ், 1986இல் நாகராஜோடு வந்தது. அடுத்த ஆண்டு அனுபம் சின்கா படைத்த சூப்பர் கமாண்டோ துருவா வந்தான். அவனுக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. சர்க்கஸில் வளர்ந்தவன், மூளையும் உடற்பயிற்சியும்தான் அவன் பலம். பறக்க முடியாத நாயகன் பதினான்கு வயதுக்காரருக்கு எவ்வளவு நெருக்கமானவன் என்பதை அந்தப் படைப்பாளி புரிந்துகொண்டிருந்தார். இதழை விலைக்கு வாங்காமல் தெருமுனைக் கடையில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே நின்று படித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கோடை விடுமுறையில் வீட்டு வாசலில் கயிறு கட்டி, தன்னிடமிருந்த காமிக்ஸைத் தொங்கவிட்டு வாடகைக் கடை போட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1972இல் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் 1984இல் வந்த லயன், ராணி காமிக்ஸும் தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தன. தில்லியிலும் சிவகாசியிலும் ஒரே காலத்தில், எந்த அமைச்சகத்தின் உதவியும் இல்லாமல், ஆசிரியர்களின் பிரம்பையும் மீறி ஒரு தலைமுறை வாசிக்கப் பழகியது. பிரம்பால் அடித்துப் பிடுங்கிய காமிக்ஸ்தான் அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி வாசிப்பை இன்னும் நான்கு ஆண்டு இழுத்துப் பிடித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே ஒரு தமிழரை நினைக்காமல் போக முடியாது. நேஷனல் புக் டிரஸ்டில் துணை ஆசிரியராக வேலை பார்த்தவர் ஆதவன். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து தில்லியில் வளர்ந்த சுந்தரம். தில்லித் தமிழ் இளைஞனின் பாசாங்கையும் தவிப்பையும் ‘என் பெயர் ராமசேஷன்’ அளவுக்கு உள்ளே போய்ச் சொன்ன நாவல் தமிழில் குறைவு. பகலில் குழந்தைகளுக்கும் பொதுவாசகருக்கும் நூல் வெளியிடும் அலுவலகம், அதற்கப்பால் கல்லூரி வாசலில் நிற்கும் பையனின் மனத்துக்குள் இறங்கும் எழுத்து. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன; அவர் அலுவலகத்தின் பட்டியலில் இரண்டும் சேரவில்லை. 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான். பதினாறு வயதினருக்கு ஒரு நாவல் எழுதுங்கள் என்று யாராவது அவரிடம் கேட்டிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

1993இல் நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தை இலக்கியத்துக்கென ஒரு தேசிய மையம் அமைத்தது. 1998இல் உலகக் குழந்தை இலக்கிய மாநாடு தில்லியில் கூடியது. அதைக் கூட்டிய சர்வதேச அமைப்பு, யெல்லா லெப்மன் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1953இல் ஜூரிக்கில் நிறுவியது. போரில் சிதைந்த ஜெர்மனியில், ரொட்டியோடு புத்தகமும் வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்த அமைப்பின் பெயரிலேயே ‘இளையோர்’ என்ற சொல் இருக்கிறது.

தில்லியின் இளையோர் நூல்கள் உண்மையில் தலைதூக்கியது அதற்குப் பிறகுதான். விதை அதற்கும் பழையது. பதினேழு வயதில் ரஸ்கின் பாண்ட் எழுதத் தொடங்கிய ‘தி ரூம் ஆன் தி ரூஃப்’, பதினாறு வயதுப் பையனின் கதை. 1956இல் லண்டனில்தான் அச்சாயிற்று. 1980களின் இறுதியில் பெங்குவின் தில்லியில் பதிப்பிக்கத் தொடங்கிய பிறகே அது நம் ஊர்ப் புத்தகம் போலக் கைக்குக் கை மாறியது.

2005இல் பாரோ ஆனந்தின் ‘நோ கன்ஸ் அட் மை சன்ஸ் ஃபியூனரல்’ வந்தது. காஷ்மீரில் அஃப்தாப் என்ற பையன், தான் மதிக்கும் ஒரு தீவிரவாதியின் பின்னால் போகும் கதை. நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தை இலக்கிய மையத்தை நடத்தியவர்தான் பாரோ ஆனந்த். அமைப்புக்குள் இருந்து குழந்தைகளைச் சந்தித்துப் பேசியவர், வெளியே வந்து அவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கதையால் பதில் சொன்னார். 2009இல் சித்தார்த்த சர்மாவின் ‘தி கிராஸ்ஹாப்பர்ஸ் ரன்’ 1944இன் நாகா மலைகளுக்குப் போயிற்று. வெள்ளையரும் ஜப்பானியரும் மோதிய போரில் நடுவில் நசுங்கிய ஊர்க்காரர்களின் கதையைப் பதின்பருவப் பையன் ஒருவனின் பக்கம் நின்று சொன்னது. 2010இல் ரஞ்சித் லாலின் ‘ஃபேசஸ் இன் தி வாட்டர்’. பெரிய வீட்டுப் பையன் ஒருவன் தன் குடும்பத்துக் கிணற்றில் முகங்களைப் பார்க்கிறான். அவை அந்தக் குடும்பம் கொன்ற பெண் சிசுக்கள், அவனுடைய அக்கா தங்கைகள். உசிலம்பட்டியின் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தக் கிணறு அந்நியமானதல்ல. ஆனால் தமிழில் நாம் அதைப் பெரியவர்களுக்கான கட்டுரையாகவும் திரைப்படமாகவும்தான் சொன்னோம். பதினான்கு வயது அண்ணனிடம் சொல்லவில்லை.

2012இல் சயோனி பாசுவும் அனுஷ்கா ரவிசங்கரும் டக்பில் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். சிறுவருக்கும் பதின்பருவத்தினருக்கும் மட்டுமே புத்தகம் போடும் சிறிய வீடு. 2014இல் அவர்கள் வெளியிட்ட ஹிமாஞ்சலி சங்கரின் ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’, தன் நாட்டம் பெண்கள் மீது என்று உணரும் பள்ளி மாணவி ஒருத்தி தற்கொலைக்கு முயன்றதைச் சுற்றி நடக்கும் நாவல். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் தளர்த்தியிருந்தது. உச்சநீதிமன்றம் 2013 டிசம்பரில் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. அந்தத் தீர்ப்பின் சூடு ஆறுவதற்குள் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு இப்படி ஒரு நாவலைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். 2018இல் உச்சநீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. புத்தகம் நான்கு ஆண்டு முந்திக்கொண்டது.

அதே காலத்தில் விழாக்களும் வந்தன. அலக்நந்தாவில் பிள்ளைகளுக்கென்றே யுரேகா என்ற புத்தகக்கடையை நடத்திய எம். வெங்கடேஷ், சுவாதி ராய் இருவரும் ஜோ வில்லியம்ஸோடு சேர்ந்து 2008இல் புக்கரூ என்ற குழந்தை இலக்கிய விழாவைத் தொடங்கினார்கள். கூடாரத்துக்குள் எழுத்தாளர் கதை சொல்வார். மரத்தடியில் ஓவியர் வரைவார். 2017இல் லண்டன் புத்தகக் காட்சி அதைப் பாராட்டி விருது கொடுத்தது.

நான் பெயர் சொல்லிப் போற்றிய இந்த இளையோர் நாவல்கள் எல்லாம் எழுதப்பட்டது ஆங்கிலத்தில். இது எனக்கு வலிக்கிறது. எழுதியவர்கள் மீது குறையில்லை; அவர்கள் தங்கள் மொழியில் நேர்மையாக எழுதினார்கள். ஆனால் தில்லி வீட்டில் இந்தியோ தமிழோ பஞ்சாபியோ பேசும் பிள்ளை, எட்டாம் வகுப்பில் தன் மனத்துக்கு ஏற்ற புத்தகம் தேடும்போது ஆங்கில அலமாரிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே போன பிள்ளை திரும்பி வருவது அரிது. ஆங்கிலம் வராத பிள்ளைக்கு அந்த அலமாரியும் இல்லை.

இதே கதை வேறு ஊர்களிலும் உண்டு. பெலாரஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெலாருஸிய மொழியில் இளையோருக்கான சாகச நாவலைத் தொடங்கிவைத்தவர் யாங்கா மாவ்ர் என்ற பள்ளி ஆசிரியர். தான் போயிராத ஜாவாவையும் நியூகினியையும் களமாக வைத்து 1920களில் எழுதினார். குடியேற்ற ஆட்சியில் நசுங்கும் மக்கள் மீது அவருக்கு இருந்த பரிவு அந்தக் கதைகளில் தெரியும். 1981இல் மின்ஸ்கில் இளையோருக்கென்றே யுனாத்ஸ்த்வா என்ற பதிப்பகம் வந்தது. பெயருக்கே இளமை என்று பொருள். 1995 வாக்கெடுப்புக்குப் பின் ரஷ்ய மொழியும் அங்கே ஆட்சிமொழியானது. இன்று அந்த நாட்டில் அச்சாகும் புத்தகங்களில் பெரும்பகுதி ரஷ்யனில். மாஸ்கோவிலிருந்து மொழிபெயர்ப்பாகக் குவியும் பளபளப்பான இளையோர் நாவல்களின் முன் உள்ளூர் மொழிப் புத்தகம் சிறிய அடுக்கில் நிற்கிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் வாங்கிப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். தமிழுக்குக் கெட்டி அட்டையில் கதை அச்சிட்டுக் கொடுத்த அந்த ஒன்றியத்துக்குள்ளேயே சிறு மொழிகள் தங்கள் பதினைந்து வயதினரை இழந்துகொண்டிருந்தன.

தில்லியில் ஆங்கிலம் தவிர்த்த மற்ற மொழிகளுக்குக் கதவு திறந்தது ஃபெரோஸ்ஷா சாலையில். 2010 முதல் சாகித்திய அகாதெமி எல்லா மொழிகளுக்கும் பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கத் தொடங்கியது. 2010இல் தமிழுக்கு முதல் விருது பெற்றது மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. ஆங்கிலத்தில் சித்தார்த்த சர்மாவுக்கு 2011இலும் பாரோ ஆனந்துக்கு 2017இலும் கிடைத்தது. தமிழ்ப் பட்டியலை ஆண்டு வாரியாகப் பார்த்தால் ஒரு நகர்வு தெரிகிறது. 2014இல் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலுக்காக விருது பெற்ற இரா. நடராசன், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ‘ஆயிஷா’வை எழுதியவர். கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் பள்ளி மாணவியின் கதை அது. வெளிவந்தது கணையாழியில். அந்தக் கணையாழி 1965இல் கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து தொடங்கிய இதழ் என்பதை இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சின்னப் புத்தகமாக அச்சாகி, ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பிய ஆயிஷாவை நம் இளையோர் இலக்கியத்தின் வாசல் என்றே சொல்வேன்.

2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ விருது பெற்றது. குழந்தையின் உடம்பைத் தொடும் கைகளைப் பற்றி, பயமுறுத்தாமல் பேசிய கதை. 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியின் மண்ணுக்குள் ஒரு சிறுவனை அழைத்துப்போகும் இந்தப் புத்தகத்தின் அட்டையிலேயே இளையோர் நாவல் என்று அச்சிட்டிருந்தார்கள். 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. வானம், புக்ஸ் ஃபார் சில்ரன் போன்ற பதிப்பகங்கள் இதற்கெனத் தமிழ்நாட்டில் உழைக்கின்றன. விருது தில்லியில் தீர்மானமாகிறது. ஆனால் தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்றால், ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்க நூலகத்தையும், தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் நூலகங்களையும், ஆண்டுக்கொரு முறை பிரகதி மைதானத்தில் கூடும் உலகப் புத்தகக் காட்சியில் தமிழ்க் கடை ஏதாவது வந்திருந்தால் அதையும்தான் காட்ட முடிகிறது.

அண்மை ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019இல் டக்பில்லைப் பெங்குவின் ராண்டம் ஹவுஸ் வாங்கியது. அதே ஆண்டு, உயர்நீதிமன்ற உத்தரவால் தரியாகஞ்ச் நடைபாதையின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை எழுந்து, சற்றுத் தள்ளியுள்ள மகிளா ஹாட் மைதானத்துக்குப் போயிற்று. 2020இல் நந்தன் நின்றது. ஐம்பத்தாறு ஆண்டு வந்த இதழ். 2021 மே மாதம், தில்லியின் கோட்டைகளையும் சந்துகளையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்ன சுபத்ரா சென் குப்தாவைக் கோவிட் கொண்டுபோயிற்று. வரலாற்றைப் பாடநூலிலிருந்து மீட்டு, அரசனுக்குச் சமைத்தவரையும் தெருவில் விற்றவரையும் கதைக்குள் கொண்டுவந்தவர். இந்தத் தொடரை எழுதும்போது அவரை நான் பலமுறை நினைத்துக்கொள்கிறேன்.

2023 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தேசிய மின்னூலகம் என்ற அறிவிப்பு வந்தது. பொறுப்பு நேஷனல் புக் டிரஸ்டிடம். ‘ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா’ என்ற பெயரில் அது இப்போது செல்பேசியில் இயங்குகிறது. தமிழும் ஆங்கிலமும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள், கட்டணமில்லை. வாசகர்களை நான்கு வயதுப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள்: 3 முதல் 8, 8 முதல் 11, 11 முதல் 14, 14 முதல் 18. டிரஸ்ட் தொடங்கி அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, பதினெட்டு வயது வரை போகும் ஓர் அலமாரிக்கு அங்கே எண் ஒட்டியிருக்கிறது. நாட்டுத் தலைவர்களின் வரலாறும் அறிவியலும் அதில் கிடைக்கும். அஃப்தாபும், கிணற்றில் தெரிந்த முகங்களும், முஸ்கானும் எந்த இந்திய மொழியின் நான்காம் பிரிவில் எப்போது சேருவார்கள் என்று காத்திருக்கிறேன்.

மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை இப்போதும் கூட்டம்தான். மருத்துவ நுழைவுத் தேர்வு, பொறியியல் நுழைவுத் தேர்வு என்று வழிகாட்டி நூல்கள் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் அங்கேதான் மொய்ப்பார்கள். அந்த வழிகாட்டி நூல்களை அச்சிடுபவர்கள் யார், எங்கே அச்சிடுகிறார்கள், ஒரு பதிப்பு எத்தனை மாதத்தில் காலாவதியாகிறது என்பது தனிக் கதை. அதற்கு நயீ சடக்கின் மாடிப்படிகளில் ஏற வேண்டும். அடுத்த இதழில் ஏறுவோம்.

(தொடரும்)